ரூட் ஏழு காலியாக ஓடுகிறது

திரையில் நான்கு சதுரங்கள் இருந்தன. நான்கிலும் பெயர் மட்டும், முகம் இல்லை. பேராசிரியர் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, கொடுத்த கணக்கைப் பற்றி உங்களுக்குள் பேசுங்கள் என்று அனுப்பியிருந்தார். தனக்கொடி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஹலோ" என்றாள்.

ஒரு சதுரத்தில் மைக் திறந்தது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. மைக் மூடிக்கொண்டது. நேரம் முடிந்ததும் நான்கு சதுரங்களும் தாமாகவே பெரிய வகுப்புக்குள் போய்ச் சேர்ந்தன. "நல்லா டிஸ்கஸ் பண்ணியிருப்பீங்கன்னு நினைக்கிறேன்" என்றார் பேராசிரியர்.

அது ஞாயிற்றுக்கிழமை. காட்டேரிக்குப்பத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் ஜன்னல் வழியாக வந்தன. மைக் திறந்திருந்தால் வகுப்புக்குக் கேட்டுவிடும் என்று அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. அம்மா இருந்த வீட்டில் தனியாக இருந்தாள். கணவன் பலராமன் வேலைக்கென்று திருப்பூர் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஊருக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை, அவளும் சொன்னதில்லை. தம்பி புகழ்வேந்தன் பாகூரில் மாமனார் வீட்டோடு இருக்கிறான். பொங்கலுக்கு வந்து ஒரு கட்டுக் கரும்பை வைத்துவிட்டுப் போவான், இந்த ஊரில் கரும்பே இல்லாததுபோல.

திருபுவனையில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தாள். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை பெட்டி போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. தபாலில் பி.காம். முடித்திருந்தாள். ஒருநாள் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஆன்லைன் எம்.பி.ஏ., செயற்கை நுண்ணறிவும் பிசினஸ் அனலிடிக்ஸும், வாரக் கடைசியில் நேரடி வகுப்பு. பேசிய பெண் இவளை "மேம்" என்று அழைத்தாள். எதற்காகச் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டாள். முன்னேறத்தான் என்று தனக்கொடி சொன்னாள். அதுவும் உண்மைதான். ஆனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்த வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது.

பஸ் என்றால் கம்பெனி பஸ். கண்ணாடியில் 'ரூட் 7' என்று ஒட்டியிருக்கும். திருக்கனூர்ப் பக்கமிருந்து சூப்பர்வைசர்களை ஏற்றிக்கொண்டு வந்து காட்டேரிக்குப்பத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். சூப்பர்வைசர்கள் முன்பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பெண்கள் பின்படியில் ஏறுவார்கள். யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. முதல்நாள் அப்படி ஏறினார்கள், அப்புறம் அப்படியே ஆகிவிட்டது. ஏறியதும் கச்சேரி தொடங்கும். தலை சீவாமல் வந்தவள் பஸ்ஸில் சீவிக்கொள்வாள். பூ ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போகும். பேக்கிங்கில் வேலை செய்யும் ஜெயா, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பாள். அது தனக்கொடியின் இடம். வேறு யாராவது பையைத் தூக்கினால், "அது எங்க ஆபீசரம்மா சீட்டு, தொடாத" என்பாள். தனக்கொடியின் டப்பாவைத் திறந்து பார்த்து, "இன்னாடி, தெனமும் இந்த எலுமிச்ச சோறு. எனுக்கே வாய் புளிக்குது" என்று தன் டப்பாவிலிருந்து வறுத்த நெத்திலியைத் தள்ளிவிடுவாள்.

ஒருநாளில் அவளிடம் யாராவது நெருங்கி உட்கார்ந்து பேசுவது அந்தப் பஸ்ஸில் மட்டும்தான். போக அரைமணி, வர அரைமணி.

படிப்பில் சேர்ந்த பிறகு பஸ்ஸில் வகுப்பின் பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு காதில் மாட்டிக்கொண்டு மறுகாதை ஜெயாவுக்கு விட்டுவைத்தாள். ஜெயா இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"யார்டி இவன், மூக்கால பேசறான்?"

"எங்க சார்."

"இன்னா சொல்றான்?"

"நாளைக்கு இன்னா நடக்கும்னு கம்ப்யூட்டரே சொல்றமாரி செய்யறது எப்படின்னு."

"நாளைக்கு எங்கூட்டுக்காரு குடிச்சிட்டு வருவாரா, கேட்டு சொல்லு."

பின்சீட்டிலிருந்து கனகாம்பாள் கத்தினாள். "அதுக்கு கம்ப்யூட்டரு எதுக்குடி? என்ன கேளு, நான் சொல்றேன்." கம்பெனியில் தரை பெருக்குபவள், எல்லோருக்கும் மூத்தவள். பஸ் சிரித்தது. தனக்கொடியும் சிரித்தாள். பாடத்தில் ஒரு துண்டு போய்விட்டது, திரும்ப ஓடவிட வேண்டியிருந்தது.

இரண்டாம் பருவத்தில் பாடம் கடினமானது. சூப்பர்வைசர் கலைவேந்தன்தான் சொன்னார். "படிக்கிற பொண்ணு, அங்க இன்னாத்துக்கு இரைச்சல்ல? முன்னாடி வாம்மா. டிரைவர் பின்னாடி ஒத்த சீட்டு சும்மாதான் கெடக்குது. சார்ஜ் போட எடமும் இருக்குது." அவள் முன்படியில் ஏற ஆரம்பித்தாள். முன்படிக்குப் பக்கத்தில் கார்டு தட்டும் மிஷின் புதிதாக மாட்டியிருந்தார்கள். தட்டினால் 'டிங்' என்று சத்தம் வரும். தட்டிவிட்டு உட்கார்ந்து இரண்டு காதிலும் மாட்டிக்கொள்வாள். டிரைவர் மரியதாஸ் கண்ணாடியில் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

ஜெயா சில நாள் பையை எடுக்காமல் வைத்திருந்தாள். பிறகு அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. தனக்கொடி மதியம் பேக்கிங் பக்கம் போனால் ஜெயா எப்போதும்போல டப்பாவை நீட்டினாள். பேசுவதற்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் யார் என்ன சொன்னார்கள் என்பது தனக்கொடிக்குத் தெரியாது. அது தெரியாமல் இவர்களோடு பேச முடியாது.

கடைசிப் பருவத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், வேலை பார்க்கும் இடத்தின் உண்மையான தகவல்களை வைத்து. எச்.ஆர். மேனேஜர் அரங்கநாதனிடம் போய்க் கேட்டாள்.

"கம்பெனியிலயே ஒரு ஆளு ஏ.ஐ. படிக்குதா? நம்ம ஸ்டோர்ஸ் பொண்ணா?" என்றார் அவர். சந்தோஷப்பட்டார். பஸ் செலவு ஏறிக்கொண்டே போகிறது, எந்த ரூட்டில் எத்தனை பேர் வருகிறார்கள், எதைக் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல் என்றார். எல்லா பஸ்ஸின் கார்டு மிஷின் பதிவுகளையும் எடுத்துக் கொடுத்தார்.

பல ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தகவல்களைச் சுத்தம் செய்தாள். இரண்டு முறை பதிவானதை நீக்கினாள். விடுமுறை நாட்களை விலக்கினாள். அடுத்த மாதங்களில் ஒவ்வொரு ரூட்டிலும் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்க ஒரு மாடல் செய்தாள். அது முதல்முறை சரியாக ஓடியபோது எழுந்து நின்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வகுப்பு வாட்ஸப் குழுவில் எழுதினாள். ஒருவர் கட்டைவிரல் போட்டார்.

வரைபடத்தில் ரூட் ஏழின் பட்டை மிகக் குட்டையாக இருந்தது. அதைப் பார்த்தபோது ஏதோ ஒன்று அவளை இடறியது. இவ்வளவு கம்மியா என்று நினைத்தாள். ஆனால் இரண்டாம் பருவத்தில் மூக்கால் பேசும் பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் மனதில் பட்டதை நம்பாதீர்கள், டேட்டாவைக் கேளுங்கள். மனித மனசு எப்போதும் தன் பக்கமாகவே சாயும். அவள் தன் மனசு தன் பஸ் பக்கம் சாய்கிறது என்று முடிவு செய்தாள். சாயாமல் இருந்ததில் கொஞ்சம் பெருமையும் பட்டாள். பரிந்துரை என்ற இடத்தில் எழுதினாள்: ரூட் ஏழை நிறுத்தி, வில்லியனூரிலிருந்து நெடுஞ்சாலையில் வரும் பஸ்ஸோடு சேர்க்கலாம். ஊர்க்காரர்கள் ஊர்ச்சாலை நெடுஞ்சாலையைத் தொடும் கூட்ரோட்டுக்கு நடந்து வந்து ஏறிக்கொள்ளலாம்.

திரையில் நடந்த வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வரைபடத்துக்கு ஏன் இந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அவள் பதில் சொன்னாள். உயர்ந்த கிரேடு வந்தது.

பிறகு அரங்கநாதன் அவளை முதலாளி முன்னால் பேச வைத்தார். மேல்மாடி ஏ.சி. அறை. நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள். சாசரோடு டீ வந்தது. அதைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. முதலாளி வரைபடத்தில் குட்டையாக இருந்த பட்டையை விரலால் காட்டினார்.

"அப்ப ரூட் ஏழு காலியாதான் ஓடுதா?"

"ஆமா சார், காலியாதான் ஓடுது."

அடுத்த வாரம் அவளை ஸ்டோர்ஸிலிருந்து ஆபீசுக்கு மாற்றினார்கள். தனி மேஜை. மாதம் பிறந்ததும் ஸ்டாஃப் வேனில் வரலாம் என்றார்கள்.

முதல் தேதியிலிருந்து ரூட் ஏழு கிடையாது என்று கேட்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியதற்கு மறுநாள் காலை. தண்ணீர்த் தொட்டியருகே பஸ் நின்றது. அவள் முன்படியில் ஏறிக் கார்டைத் தட்டினாள். டிங். உட்கார்ந்தாள். பழக்கத்தில் போட்ட பழைய பாடம் போனில் சுற்றிக்கொண்டே இருந்தது, ஓடவில்லை. காதில் மாட்டியிருந்தும் சத்தம் எதுவும் இல்லாததால் பின்னால் நடப்பதெல்லாம் கேட்டது.

"கூட்ரோடு வரைக்கும் யார்டி நடக்கறது? மழ வந்தா?"

"பஸ்ஸு காலியா போவுதாம். கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தாங்களாம்."

"காலியா? ஏ, என் கால மிதிக்கிறவளே, கேட்டுக்க. நீ இங்க இல்லியாம்."

பின்படியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பையைக் கொடுத்து, கையைப் பிடித்து, ஒருத்தியை ஒருத்தி தள்ளி. இடித்துக்கொள்ளும் சத்தம், வளையல் சத்தம், மரியதாஸ் "உள்ள போங்கம்மா, உள்ள போங்க" என்று கத்தும் சத்தம். தனக்கொடி காத்திருந்தாள். டிங் என்ற சத்தம் மட்டும் வரவில்லை. அவளுடைய கார்டுக்குப் பிறகு அந்த மிஷின் வாயைத் திறக்கவே இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். இருவர் சீட்டில் மூவர். நடுவில் நிற்பவர்கள் கம்பியைப் பிடிக்க இடமில்லாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்திருந்தார்கள். கடைசியில் கனகாம்பாள் படியிலேயே உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இது தினமும் இப்படித்தான். அவளுக்குத் தெரியாததா? இந்தக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு எத்தனை வருஷம் வந்திருக்கிறாள்.

கம்பெனியில் இறங்கியதும் நேராக அரங்கநாதன் அறைக்குப் போனாள்.

"சார், ரூட் ஏழு காலியா ஓடல."

"இன்னாம்மா சொல்ற?"

சொன்னாள். பெண்கள் பின்படியில் ஏறுகிறார்கள், மிஷின் முன்படியில் இருக்கிறது, சூப்பர்வைசர்களும் நானும் மட்டும்தான் கார்டு தட்டுகிறோம் என்று.

"அப்ப ரிப்போர்ட்டு தப்பா?"

"தப்பு சார்."

"நீ அந்த பஸ்லதான வர்ற?"

"ஆமா சார்."

"தெனமும்?"

"தெனமும்."

பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. "பஸ் ஓனருக்கு லெட்டர் போயிட்ச்சு. அவரு வண்டிய வேற கம்பெனிக்கு உட்டுட்டாரு. இப்ப நான் மேல போயி இன்னா சொல்லட்டும்? நம்ம அனலிஸ்ட் பஸ்ல உக்காந்துகினே பஸ்ஸ பாக்கலன்னு சொல்லட்டா?"

அவர் மேஜைமேல் இருந்த ரிப்போர்ட்டை இழுப்பறைக்குள் வைத்தார்.

"நடந்து வந்துருவாங்கம்மா. ரெண்டு நாளு திட்டுவாங்க, அப்புறம் பழகிடும். போ, போயி வேலைய பாரு."

அன்று மாலை ப்ராஜெக்ட் வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். என் ஆய்வில் பெரிய பிழை இருக்கிறது, திருத்திக் கொடுக்க வேண்டும். மறுநாளே பதில் வந்தது. முடிவுகள் வெளியாகிவிட்டன, இனி மாற்றத்துக்கு வழியில்லை. தங்கள் வெற்றிக்கு வாழ்த்துகள்.

அடுத்த காலை அவள் பின்படிக்குப் போனாள். படி உயரம். முன்பு ஏறிப் பழகிய கால் தடுமாறியது. யாரோ கைகொடுத்து இழுத்துவிட்டார்கள். யார் என்று பார்த்துவிட்டுக் கை விலகியது.

"இன்னா ஆபீசரம்மா, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள் கனகாம்பாள்.

பஸ் புறப்பட்டது. அந்தக் கணக்கைப் போட்டது தான்தான் என்று நின்றபடியே தனக்கொடி சொன்னாள். மெதுவாகச் சொன்னதால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. அவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பேச்சு நின்றுகொண்டே போய்க் கடைசிப் படி வரைக்கும் நின்றது.

"நீயா?" என்றாள் ஒருத்தி.

"கார்டு தட்டனவங்க கணக்கதான் பாத்தேன். நீங்க தட்டலன்றது..."

"அப்போ நாங்கல்லாம் யார்டி?" என்றாள் கனகாம்பாள். "பேயா?"

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், "ஊரு பேரே காட்டேரிக்குப்பம். சரியாதான எழுதிக்கிறா."

பஸ் வெடித்துச் சிரித்தது. முன்பக்கத்துச் சூப்பர்வைசர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏ, பேயி, கொஞ்சம் நவுந்து உக்காரு." "பேய்க்கு எதுக்குடி பூவு, குட்றீ இப்படி." தனக்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவார்கள் என்று நினைத்து வந்திருந்தாள். சிரித்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜெயா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"உனுக்கு எடம் போட்டு வெச்சினு இருந்தேனே. அந்த எடத்துக்குப் பக்கத்துல யார்டி உக்காந்துகினு இருந்தா?"

"ஜெயா..."

"காலியா இருந்துதா?"

சிரிப்பு அடங்கியது. ஜெயா மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

மிச்சமிருந்த நாட்களிலும் தனக்கொடி பின்படியிலேயே ஏறினாள். யாரும் ஒதுங்கவில்லை, யாரும் குத்திப் பேசவுமில்லை. அவள் பக்கத்தில் வந்ததும் பேச்சு வேறு எதற்காவது மாறும், சின்னப் பிள்ளையின் காய்ச்சலுக்கோ ரேஷன் அரிசிக்கோ. கடைசி நாள் மாலை இறங்கும்போது பெண்கள் மரியதாஸின் கண்ணாடியில் ஒரு சரம் மல்லிகையைச் சுற்றிவிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பூ போட்டுக் கட்டியது என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவளிடம் யாரும் பூ கேட்டிருக்கவில்லை.

முதல் தேதி காலை போனில் செய்தி வந்தது. ஸ்டாஃப் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று. வேண்டாம், நான் வில்லியனூர் பஸ்ஸிலேயே வருகிறேன் என்று பதில் அனுப்பினாள். இரவே முடிவு செய்திருந்தாள். கூட்ரோடு வரை அவர்களோடு நடப்பது. எல்லோரும் நடக்கிற தூரத்தைத் தானும் நடப்பது. நடக்கும்போது ஜெயா ஏதாவது பேசினாலும் பேசுவாள். எலுமிச்சை சோறு கட்டவில்லை. விடியும் முன்னே எழுந்து வஞ்சிரம் வறுத்து ஜெயாவுக்குமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

தண்ணீர்த் தொட்டியருகே யாரும் இல்லை.

முன்னாலேயே போய்விட்டார்கள் என்று நினைத்து வேகமாக நடந்தாள். ஊர் முடிந்து இரண்டு பக்கமும் கரும்பு தொடங்கியது. சாலையில் ஆள் இல்லை. வெட்டிய வயலில் ஒரு நாய் நின்று அவளைப் பார்த்தது. பாதி தூரம் வந்திருப்பாள், பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. கரும்போரம் ஒதுங்கினாள்.

ஒரு சின்ன லாரி. சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டி. அதன் முதுகில் அவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பேசி வைத்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எப்போது பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டி அவள் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது.

"நடந்தா வர்ற?" என்றாள் கனகாம்பாள், மேலிருந்து.

தனக்கொடி தலையை அண்ணாந்து பார்த்தாள். பின்பலகைக்குப் பக்கத்தில் ஜெயா நின்றிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையில் இரண்டு மூன்று பேருடைய சாப்பாட்டுப் பைகளை வைத்திருந்தாள்.

"எடமில்லடி" என்றாள் ஜெயா.

குரலில் கோபம் இல்லை. தனக்கொடி வண்டியைப் பார்த்தாள். பலகைமேல் இரண்டு பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் தலை, ஒருத்தியின் முந்தானை இன்னொருத்தியின் கைக்குள். ஒரு கால் வைக்கவும் இடம் இல்லை.

"ஆமா, இல்ல" என்றாள்.

வண்டி வேகமெடுத்துப் போனது. புழுதி அடங்கும்வரை அவள் கரும்போரமே நின்றாள்.